காகிதச் சிற்றுருண்டைகள்

கதிரவன் குடும்பத்தைக் காட்டும் படம் ஒன்று நம் பாடநூல்களில் தவறாமல் இடம்பெறும். இடப்பக்கத்தில் கதிரவன் பெரிய வட்டமாக ஒளி வீசும். அதனையடுத்துப் புதன், வெள்ளி, புவி, செவ்வாய் முதலிய கோள்கள் வரிசையாக நிற்கும். பார்ப்பதற்கு இனிய படமே. ஆயினும் அளவில் அது உண்மையான படம் அன்று. கோள்களின் பருமனை ஓர் அளவிலும், அவற்றின் இடைத்தொலைவை வேறோர் அளவிலும் வரைந்தாலன்றி அது ஒரு பக்கத்தில் அடங்காது. கதிரவனிலிருந்து நெப்டியூன் வரையுள்ள தொலைவு ஏறத்தாழ 450 கோடி கிலோமீட்டர். அத்தொலைவை 18 செ.மீ. அகலமுள்ள பக்கத்தில் அடக்கினால், நாம் வாழும் புவியின் விட்டம் ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கிலும் பாதியாகிவிடும். அதனைக் கண்ணால் காணவும் இயலாது. எந்த எழுதுகோலாலும் வரையவும் இயலாது.

எனவே, பருமனும் தொலைவும் ஒரே அளவில் அமைந்த மாதிரியைக் காண விரும்புவோர் தாளை விட்டுத் தெருவுக்கு வருதல் வேண்டும். தாளை விட்டு என்றேன். ஆனால் கோள்களைச் செய்வதற்குத் தாளே மிக மலிவான பொருள். கதிரவனின் விட்டம் 13,92,000 கி.மீ. அதனை ஒரு மீட்டராகக் கொள்வோம். அவ்வளவில் புவியின் விட்டம் 9.2 மி.மீ.; வெள்ளி 8.7, செவ்வாய் 4.9, புதன் 3.5, நம் நிலவோ 2.5 மி.மீ. மட்டுமே. கடுகினும் சற்றுப் பெரிய இந்த நிலவைக் காகிதத்தால் செய்ய முனைந்தவர், பெரிய உருண்டை செய்வதும் சிறிய உருண்டை செய்வதும் ஒரே தொழில் அல்ல என்பதை விரைவில் அறிவர். ஏன் அவ்வாறு வேறுபடுகின்றன என்பதையும், சிறியதைச் செய்யும் வழி யாது என்பதையும் இங்குக் காண்போம்.

முதற்கண் தாளின் இயல்பை நோக்குவோம். தாளை எப்பக்கமும் வளைக்கலாம். ஆனால் ஒரு நேரத்தில் ஒரு திசையில் மட்டுமே அது நன்கு வளையும். சுருட்டினால் குழலாகும், ஓரங்களைக் கூட்டி ஒட்டினால் கடலைப் பொட்டலம் போலக் கூம்பாகும். இவ்விரண்டிற்கும் தாள் சிறிதும் மறுப்பதில்லை. உருண்டையின் பரப்போ ஒவ்வோர் இடத்திலும் இரு திசைகளில் ஒருங்கே வளைந்தது. ஒரு பந்தின்மேல் தாளை வைத்து அழுத்திப் பாருங்கள். நடுவில் படியும், ஓரத்தில் சுருக்கம் விழும். சுருக்கத்தை நீவினால் அது மறைவதில்லை. வேறோர் இடத்திற்குச் செல்கிறது. தட்டையான பரப்பை நீட்டாமலும் சுருக்காமலும் உருண்டையாக்குதல் ஒருபோதும் இயலாது என்பதற்குரிய அடிப்படையை 1827ஆம் ஆண்டில் செருமானியக் கணித அறிஞர் காவுஸ் நிலைநாட்டினார். உலகப்படம் வரைவோர் ஒருவரும் நிலப்பரப்புகளின் வடிவத்தையும் பரப்பையும் ஒருங்கே சரியாகக் காட்ட இயலாமைக்கும் காரணம் இதுவே.

இச்சுருக்கம் எவ்வளவு என்று கணக்கிடுதல் கடினமன்று. அரைக்கோளம் ஒன்றை முழுதும் மூட வேண்டிய வட்டத்தாளின் ஆரம், அதன் உச்சியிலிருந்து விளிம்பு வரை செல்லும் வளைவின் நீளத்திற்குச் சமமாதல் வேண்டும். அவ்வாறு வெட்டிய வட்டத்தின் விளிம்பு 100 மி.மீ. எனின், அது சென்று சேர வேண்டிய அரைக்கோளத்தின் விளிம்போ ஏறத்தாழ 64 மி.மீ.தான். எஞ்சிய 36 மி.மீ. எங்கே போகும்? மாவு எனில் அமுங்கி இடம் கொடுக்கும்; கொழுக்கட்டைக்குச் சொப்பு செய்வோர் கைகளில் அதனைக் காண்கிறோம். தாள் அவ்வளவு பெருந்தன்மை உடையதன்று. மிகுந்து நிற்கும் பகுதியை மடிக்க வேண்டும். அல்லது வெட்டி நீக்க வேண்டும்.

வெட்டி நீக்கும் வழியே பூகோள உருண்டை செய்வோர் கண்ட வழி. சாத்துக்குடியின் தோலை உச்சியிலிருந்து அடிவரை நீளவாக்கில் கீறி உரித்தால், இரு முனைகளிலும் கூர்மையும் நடுவில் அகலமும் உடைய இதழ்கள் கிடைக்கும். அவ்வாறே தாளில் இதழ்களை வரைந்து, வெட்டி, உருண்டையின்மேல் பக்கம் பக்கமாக ஒட்டினால் பரப்பு முழுதும் மூடப்படும். செருமானியப் படவரைஞராகிய வால்ட்சீமுல்லர் 1507ஆம் ஆண்டில் அச்சிட்ட உலகப்படம் ஒன்று பன்னிரண்டு இதழ்களாக அமைந்தது. வெட்டி ஒட்டினால் ஏறத்தாழ 11 செ.மீ. விட்டமுள்ள உருண்டையாகும். அவ்வாண்டில் அவர் வெளியிட்ட படங்களிலேதான் அமெரிக்கா என்னும் பெயர் முதன்முதல் இடம்பெற்றது. பதினேழாம் நூற்றாண்டில் இலண்டன் நகரத்து மாக்சன் என்பவர் மூன்று அங்குல விட்டமுள்ள பூகோள உருண்டைகளைச் சட்டைப்பையில் அடங்குமாறு செய்து விற்றார். அவற்றை வைக்கும் உறையின் உட்புறத்தில் விண்மீன்களின் படம் ஒட்டப்பட்டிருந்தது.

நம் மாதிரியில் வியாழனுக்கு இம்முறை மிகப் பொருத்தமானது. அதன் விட்டம் 10 செ.மீ. எனவே சுற்றளவு 31.4 செ.மீ. ஒவ்வோர் இதழின் நீளமும் சுற்றளவில் பாதி, அதாவது 15.7 செ.மீ.; நடு அகலம் சுற்றளவில் பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது 26 மி.மீ. நீளத்தை ஆறு சமபாகமாகப் பிரித்துப் புள்ளியிடுங்கள். நடுப்புள்ளியில் அகலம் 26 மி.மீ.; அதற்கு அடுத்த புள்ளிகளில் 22.7, அவற்றிற்கும் அப்பாலுள்ள புள்ளிகளில் 13, முனைகளில் அகலம் இல்லை. இப்புள்ளிகளை மென்மையான வளைகோட்டால் இணைத்தால் இதழ் தயார். ஓரங்களை நேர்கோட்டால் இணைத்துவிட்டு உருண்டை வரவில்லையே என்று வருந்துவோர் பலர். நேர்கோட்டால் வருவது பம்பரம், உருண்டை அன்று.

இனி, இதே முறையை நிலவுக்குப் பயன்படுத்த முயல்வோம். 2.5 மி.மீ. விட்டத்திற்குப் பன்னிரண்டு இதழ் வேண்டுமெனின், ஒவ்வொன்றும் 4 மி.மீ. நீளமும் முக்கால் மில்லிமீட்டரினும் குறைந்த அகலமும் உடையதாகும். அதனை வெட்டுதல் அரிது. ஆயினும் இதனினும் பெரிய தடை ஒன்று உண்டு. தாளுக்குக் கனம் உண்டு என்பதே அத்தடை. நாம் எழுதும் வெள்ளைத்தாளின் கனம் ஏறத்தாழ பத்தில் ஒரு மில்லிமீட்டர். வியாழனின் ஆரத்தோடு ஒப்பிட்டால் இது ஐந்நூறில் ஒரு பங்கு, ஒருவரும் பொருட்படுத்தார். நிலவின் ஆரத்தோடு ஒப்பிட்டாலோ பன்னிரண்டில் ஒரு பங்கிற்குச் சற்றே குறைவு. இரு இதழ்கள் ஒன்றன்மேல் ஒன்று சிறிதளவு ஏறிவிட்டாலும் அங்கே ஒரு மலைத்தொடர் எழுந்துவிடும். பன்னிரண்டு முனைகளும் கூடும் உச்சியில் தாளினும் பசையே மிகுதியாக இருக்கும். பெரிய உருண்டையில் தொல்லை தருவது வளைவு. சிறிய உருண்டையில் தொல்லை தருவது கனம். அளவு குறைந்தபோது தொல்லையின் இனமே மாறிவிட்டது. இதனை உணராமல், பெரியதற்குரிய படத்தைச் சுருக்கி வரைந்தால் போதும் என்று எண்ணுவோர் வீணே கண்களை வருத்திக்கொள்வர்.

வேறு வழிகளும் உண்டு. தடித்த அட்டையில் வட்டங்களை வெட்டி, தட்டுகளை அடுக்குவது போல ஒன்றன்மேல் ஒன்று ஒட்டி, படிகளை உப்புத்தாளால் தேய்த்து உருண்டையாக்கலாம். அரை மில்லிமீட்டர் கனமுள்ள அட்டையில் புவிக்குப் பதினெட்டு வட்டங்கள் வேண்டும். நிலவுக்கு ஐந்தே போதும். அவற்றின் விட்டங்கள் முறையே 1.5, 2.3, 2.5, 2.3, 1.5 மி.மீ. புவிக்கு இது நன்றாகவே அமைகிறது. நிலவுக்கு வேண்டிய வட்டங்களைக் கத்தரிக்கோலால் வெட்டுதல் பொறுமையைச் சோதிக்கும் வேலை. தோல் வேலை செய்வோர் துளையிடும் கருவி கிடைத்தால் எளிது. மற்றொரு வழி, ஈரமாக்கிய தாளை இரப்பர்மேல் வைத்து, குண்டுமுனை உடைய கருவியால் அழுத்திக் குவித்தல். ஈரத்தாள் சிறிதளவு நீளும் தன்மையது. ஆதலால் ஆழமில்லாத குமிழிகள் அழகாக வரும். ஆவடியில் 1961ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965ஆம் ஆண்டில் ‘விஜயந்தா’ என்னும் கவச வண்டி வெளிவந்தது. அத்தகைய வண்டியைத் தாளில் செய்ய விரும்புவோர் அதன் ஆணித்தலைகளை இவ்வாறு அழுத்தியே எடுக்கலாம். ஆனால் முழு அரைக்கோளம் வேண்டுமெனில், முன்னர்க் கண்ட 36 பங்கு மிகுதி குறுக்கே நிற்கிறது. தாள் கிழிகிறது, அன்றிச் சுருங்குகிறது.

எனவே ஐந்து மில்லிமீட்டருக்குக் குறைந்த உருண்டைகளுக்குத் தாளைத் தாளாகவே வைத்திருக்கும் எண்ணத்தைக் கைவிடுதல் நலம். அதனைக் கூழாக்கி உருட்டல் வேண்டும். கூழான தாளுக்குத் தட்டைத் தன்மை இல்லை. அதன் நார்கள் எத்திசையிலும் இடம் மாறும். காகிதக்கூழ் நம் நாட்டுக் கைவினைஞர்க்குப் புதியதன்று. தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மைகளும், கொலுவில் வைக்கும் பொம்மைகள் பலவும் அதனால் செய்யப்பெறுகின்றன. தலையாட்டிப் பொம்மையின் அடிப்பகுதி உருண்டு கனத்திருப்பதனாலேயே அது சாய்த்தவுடன் நிமிர்கிறது.

உருட்டுதல் என்றவுடன் நம் வீட்டுச் சமையலறை நினைவுக்கு வருதல் இயல்பு. கோகுலாட்டமிக்குச் சீடை உருட்டுவோரின் கையை உற்று நோக்குங்கள். அவர்கள் உள்ளங்கைகளை முன்னும் பின்னும் மட்டும் நகர்த்துவதில்லை. அவ்வாறு செய்தால் மாவு திரியாக நீண்டுவிடும். கை வட்டமாகச் சுழல்கிறது. அதனால் உருளும் மாவின் அச்சு நொடிதோறும் மாறுகிறது. எந்த மேடு வெளியே துருத்தி நிற்கிறதோ அதுவே முதலில் கையில் பட்டு அமுங்குகிறது. அச்சு மாறிக்கொண்டே இருப்பதால் எல்லா மேடுகளுக்கும் முறை வருகிறது. மேடு ஒன்றும் எஞ்சாதபோது கிடைப்பதே உருண்டை. செய்பவர் உருண்டை வடிவத்தை மனத்தில் அளந்து வைத்திருக்கத் தேவையில்லை, இயக்கமே அளந்துகொள்கிறது.

வியப்பு யாதெனில், எஃகு உருண்டைகள் செய்யும் தொழிலிலும் இதே முறைதான் கையாளப்பெறுகிறது. சென்னைக்கு மேற்கேயுள்ள அம்பத்தூரில் 1949ஆம் ஆண்டில் தோன்றிய டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தின் மிதிவண்டிகளை அறியாதார் இலர். எந்த மிதிவண்டியின் சக்கரக் குடத்தைத் திறந்தாலும் பளபளக்கும் சிறு குண்டுகளைக் காணலாம். மிதிவண்டிக் கடைகளில் அவற்றைப் ‘பால்ரஸ்’ குண்டு என்பர். முன்சக்கரக் குண்டின் விட்டம் பொதுவாக 3/16 அங்குலம், அதாவது 4.76 மி.மீ.; பின்சக்கரக் குண்டு கால் அங்குலம், அதாவது 6.35 மி.மீ. கவச வண்டியின் பீரங்கிக் கோபுரம் சுழலுவதும் இத்தகைய உருண்டைகளின் மீதே. இவற்றை வார்த்து எடுப்பதில்லை. எஃகுக் கம்பியைத் துண்டுகளாக நறுக்குவர். ஒவ்வொரு துண்டையும் குழிந்த இரு அச்சுகளுக்கிடையே அழுத்துவர். அப்போது கிடைப்பது இடுப்பில் பட்டை கட்டிய உருண்டை. ஏறத்தாழ சனிக்கோள் போலிருக்கும். பின்னர், பள்ளங்கள் வெட்டிய இரு தட்டுகளுக்கிடையே ஆயிரக்கணக்கான குண்டுகளை இட்டு, ஒரு தட்டைச் சுழற்றுவர். குண்டுகள் அச்சு மாறி மாறி உருளும். துருத்திய பட்டை தேய்ந்து மறையும். அதன்பின் அவற்றைக் கடினமாக்கி, மேலும் நுண்ணிய பொடியிட்டுத் தேய்த்து மெருகேற்றுவர். சீடை உருட்டும் கைகளுக்குப் பதில் இரண்டு தட்டுகள், செய்கை ஒன்றே.

காகித உருண்டைக்கு வருவோம். பழைய செய்தித்தாளைச் சிறு துண்டுகளாகக் கிழித்து ஓரிரவு நீரில் ஊறவிடுக. கத்தரித்தல் கூடாது, கிழித்த ஓரத்தில் நார்கள் விரிந்து நிற்பதால் அவை ஒன்றோடொன்று நன்கு பின்னிக்கொள்ளும். மறுநாள் அதனை உரலிலோ கிண்ணத்திலோ இட்டு நன்றாக மசித்து, மெல்லிய துணியில் பிழிந்து, சிறிதளவு பசை சேர்த்துப் பிசைக. மைதாப் பசையும் போதும். பழைய நாளில் கைவினைஞர் பயன்படுத்திய புளியங்கொட்டைப் பசை இன்னும் உறுதியானது. பசை மிகுந்தால் கூழ் கையில் ஒட்டும். குறைந்தால் காய்ந்தபின் உதிரும். விரலிடையே அழுத்தும்போது நீர் கசியாமலும் வெடிப்பு விழாமலும் இருப்பதே சரியான பதம்.

எவ்வளவு கூழ் எடுப்பது என்பதே அடுத்த வினா. இங்கே கண்ணை நம்புதல் கூடாது. புவியின் விட்டம் நிலவின் விட்டத்தைப் போல மூன்றரை மடங்கிற்குச் சற்று மேல்; ஆனால் கன அளவோ 49 மடங்கு. விட்டம் இருமடங்கானால் கன அளவு எட்டு மடங்காகும் என்னும் விதியை நாம் ஏட்டில் படித்திருப்போம். கூழை எடுத்து வைக்கும்போது மறந்துவிடுவோம். ஆதலால் ஊறவைப்பதற்கு முன்னரே தாளைச் சதுரமாக அளந்து பிரித்தல் நல்லது. செய்தித்தாளின் கனத்தை அறிய நூறு தாள்களை அடுக்கி அளந்து நூறால் வகுக்க வேண்டும், ஏறத்தாழ 0.07 மி.மீ. வரும். இதன்படி நிலவுக்குப் பக்கம் 11 மி.மீ. உள்ள சதுரத்தாள் போதும். புதனுக்கு 18, செவ்வாய்க்கு 29, வெள்ளிக்கு 70, புவிக்கு 76 மி.மீ. ஒவ்வொரு சதுரத்தையும் தனித்தனிக் கிண்ணத்தில் ஊறவைத்து, அதனதன் கூழை ஒரு துளியும் வீணாக்காமல் உருட்டுக. பசையும் நார்களுக்கிடையே தங்கும் காற்றும் சேர்வதால் உருண்டை கணக்கினும் சற்றுப் பெருத்தே வரும். முதலில் மாதிரிக்கு ஒன்று செய்து காயவைத்து அளந்து பாருங்கள். விட்டம் பத்தில் ஒரு பங்கு மிகுந்திருந்தால், சதுரத்தின் பக்கத்தை ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு குறைத்தல் வேண்டும். ஏன் பத்தில் ஒரு பங்கு அன்று என்பதை நீங்களே கணக்கிட்டுக் காண்க.

உருட்டும்போது முதலில் விரல் நுனிகளும், பின்னர் இரு கண்ணாடித் துண்டுகளும் உதவும். கண்ணாடியின் ஓரங்களைத் துணியால் சுற்றிக்கொள்க. கீழ்க்கண்ணாடியில் உருண்டையை வைத்து, மேற்கண்ணாடியை மிக மெல்ல அழுத்தி வட்டமாகச் சுழற்றுக. அழுத்தத்தினும் சுழற்சியே முதன்மையானது. பத்துச் சுற்று ஆனபின் ஒருமுறை விரலால் புரட்டிவிட்டு மீண்டும் தொடர்க.

காயவைப்பதில் அவசரம் ஆகாது. சுடுவெயிலில் வைத்தால் மேற்பரப்பு முதலில் காய்ந்து ஓடு போல் இறுகும். பின்னர் உள்ளிருக்கும் ஈரம் வெளியேறி உட்பகுதி சுருங்கும்போது ஓடு உள்நோக்கி இழுக்கப்பெற்றுக் குழி விழும். சீடையில் இதற்கு நேர்மாறானது நிகழ்கிறது. அங்கே வெளிப்புறம் எண்ணெயில் இறுகியபின் உள்ளே அகப்பட்ட நீராவி விரிந்து வெடிக்கிறது. இரண்டிலும் பிழை ஒன்றே: உள்ளும் புறமும் ஒரே வேகத்தில் உலரவில்லை. ஆகவே நிழலில், ஈரத்துணியை மேலே தளர்வாக மூடி, இரண்டு நாள் விடுக. பாதி காய்ந்த நிலையில் மீண்டும் ஒருமுறை கண்ணாடிகளுக்கிடையே உருட்டினால் அதுவரை விழுந்த குறைகள் பெரும்பாலும் நீங்கும். முழுதும் காய்ந்தபின், பட்டம் செய்யும் மெல்லிய தாளைக் கிழித்து ஒரு சுற்று ஒட்டி, மறுபடியும் உருட்டிக் காயவைத்து, நுண்ணிய உப்புத்தாள் இரண்டிற்கிடையே வட்டமாகத் தேய்க்க வேண்டும். எஃகுக்குச் செய்ததைக் காகிதத்திற்கும் செய்கிறோம், அவ்வளவே. வண்ணம் பூசுவதற்கு உருண்டையைக் குண்டூசியில் குத்தி, ஊசியை வாழைத்தண்டில் நட்டு வைத்தால் எல்லாப் பக்கமும் தடையின்றிக் காயும். நிலவைக் குத்தும்போது மட்டும் கவனம் தேவை. ஊசி அதன் குறுக்களவில் கால் பங்குக்கு மேல் இருக்கும்.

செய்த உருண்டை உண்மையில் உருண்டைதானா? சோதிப்பதற்கு மூன்று வழிகள் கூறலாம். சற்றே சாய்த்த கண்ணாடியில் அதனை உருட்டிவிடுங்கள். நல்ல உருண்டை நேராக ஓடும், குறையுள்ளது ஒருபுறம் ஒதுங்கும். அட்டையில் சரியான விட்டத்தில் துளையிட்டு, உருண்டையை வெவ்வேறு பக்கமாகத் திருப்பி அதில் வைத்துப் பாருங்கள். எங்கேனும் ஒளி கசிந்தால் அங்கே பள்ளம். செவ்வாயின் துளைக்கு முன்சக்கரக் குண்டு ஒன்றே அளவுக்கருவியாக உதவும்; இரண்டிற்கும் வேறுபாடு ஒரு மயிரிழை. மூன்றாம் வழி, கண்ணை மூடிக்கொண்டு விரல்களிடையே உருட்டிப் பார்த்தல். என் கருத்தில் இதுவே முதல் வழி. கண்ணுக்குப் புலப்படாத நூறில் ஒரு மில்லிமீட்டர் மேடும் விரல்நுனிக்குப் புலப்படும்.

பூந்தமல்லியில் பார்வையற்ற மாணவர்க்கென அரசுப் பள்ளி ஒன்று உள்ளது. அத்தகைய மாணவர்க்குக் கதிரவன் குடும்பத்தின் படம் எவ்வளவு வண்ணமாக அச்சிடப்பெற்றிருப்பினும் பயனில்லை. தொட்டு அறியும் உருவமே அவர்களுக்குப் பாடம். இடக்கையில் புவியையும் வலக்கையில் நிலவையும் கொடுத்து, இரண்டையும் 27.6 செ.மீ. இடைவெளியில் பிடிக்கச் செய்தால், அவர்கள் அறிவது நாம் படத்தில் கண்டு நம்பியதினும் உண்மைக்கு நெருக்கமானது. நம்முள் பலர் நிலவு புவியின் அருகே ஒட்டிச் சுற்றுவதாகவே எண்ணுகிறோம். இடையே முப்பது புவிகளை வரிசையாக வைக்க இடமுண்டு என்பதைப் படம் சொல்வதில்லை. அந்த மாணவர் கையில் கொடுக்கும் உருண்டையில் பசைத்திட்டோ மேடோ இருக்குமாயின், அவர் அதனை நிலவின் மலை என்றே கொள்வார். பார்ப்பவர்க்குச் செய்யும் உருண்டையினும் தொடுபவர்க்குச் செய்யும் உருண்டையில் பிழை குறைவாக இருத்தல் வேண்டும் என்பது அதனால்தான்.

யுரேனசும் நெப்டியூனும் மூன்றரை செ.மீ. அளவின, கசக்கிய தாளைக் கருவாக வைத்துக் கிழித்த தாள்களைச் சுற்றி ஒட்டினால் போதும். சனிக்கு விட்டம் 8.4 செ.மீ.; வியாழனைப் போல இதழ்களால் செய்யலாம். அதன் வளையத்திற்கு 19.6 செ.மீ. விட்டத்தில் வட்டத்தாள் வெட்டி, நடுவில் 10.7 செ.மீ. வட்டத்தை நீக்குக. உண்மையான வளையம் பெரும்பாலும் சில பத்து மீட்டர் கனமே உடையது. நம் அளவில் அதற்கு ஈடான மெல்லிய தாள் உலகில் எங்கும் இல்லை. தன் தட்டைத் தன்மைக்காக இதுவரை நம்மிடம் வசை பெற்ற தாள், இங்கே மட்டும் போதிய தட்டை அன்று என்று குறை கூறப்பெறுகிறது!

இனிக் கோள்களை அவற்றின் இடங்களில் நிறுத்தலாம். அம்பத்தூரில், ஆவடிக்குச் செல்லும் திருவள்ளூர் நெடுஞ்சாலையின் ஓரமாகச் சுவரொன்றில் ஒரு மீட்டர் விட்டமுள்ள வட்டம் வரைந்து அதனைக் கதிரவன் எனக் கொள்வோம். நடைபாதையில் 42 மீட்டர் சென்றால் புதன்; 78 மீட்டரில் வெள்ளி; 107 மீட்டரில் புவியும், அதன் அருகே ஒரு சாணுக்குச் சற்று மேல் தொலைவில் நிலவும்; 164 மீட்டரில் செவ்வாய். இதுவரை இரண்டு மணித்துளி நடை. அடுத்துள்ள வியாழனுக்கோ 560 மீட்டர் செல்ல வேண்டும். சனி ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அப்பால்; யுரேனசு இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அப்பால். நெப்டியூனை வைக்கும் இடம் 3.2 கி.மீ. தொலைவில், ஆவடிக்கு ஏறக்குறையப் பாதி வழியில் வரும். அங்கு நின்று திரும்பிப் பார்த்தால் அம்பத்தூர்ச் சுவரின் வட்டம் கண்ணுக்குத் தெரியாது. தொலைநோக்கி கொண்டு பார்த்தால் சிறு புள்ளியாகத் தெரியலாம். கையிலிருக்கும் மூன்றரை செ.மீ. உருண்டை அந்தப் புள்ளியைச் சுற்றி வர 165 ஆண்டுகள் ஆகும்.

கதிரவனுக்கு அடுத்து நமக்கு மிக அண்மையிலுள்ள விண்மீன் பிராக்சிமா. அதனையும் இம்மாதிரியில் சேர்க்க விரும்புவோர்க்கு ஒரு செய்தி. நம் அளவில் அதன் விட்டம் 15 செ.மீ.; பன்னிரண்டு இதழ்களால் ஒரு மாலைப்பொழுதில் செய்துவிடலாம். ஆனால் அதனை வைக்க வேண்டிய தொலைவு ஏறத்தாழ 28,800 கி.மீ. அம்பத்தூரிலிருந்து எத்திசையில் புறப்பட்டாலும், உலகின் மறுபுறத்தை அடைய 20,000 கி.மீ. பயணமே உண்டு, அதற்கு மேல் சென்றால் திரும்பி அம்பத்தூரை நோக்கியே வந்துகொண்டிருப்போம். ஆதலால் அந்த உருண்டையைச் செய்து முடித்தபின் மேசைமேல் வைத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.